நீரின் நுண்ணுயிர் கண்ட இராபர்ட் கோக்

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை என்னும் பழந்துறை உள்ளது. ஆங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நிறுவிய கடலுயிரியல் ஆய்வு நிலையத்தில், ஆற்றுநீரும் உப்புநீரும் கலந்த கழிமுகத்து நீரைச் சிறு குப்பிகளில் முகந்துவந்து, அதனுள் வாழும் நுண்ணுயிர்களை வகைபிரித்து அறிகின்றனர். கடல்நீர் ஒரு கன சென்டிமீட்டரில், அஃதாவது ஏறத்தாழ இருபது துளியில், பத்து இலட்சம் பாக்டீரியாக்கள் வரை வாழ்கின்றன. அவற்றுள் எது மீனுக்குத் தீங்கு செய்வது, எது மனிதனுக்குத் தீங்கு செய்வது, எது ஒருவருக்கும் தீங்கின்றி இலைச்சருகை மக்கச் செய்து கழிக்கு உரமூட்டுவது என்பதை எவ்வாறு அறிவது? திருவிழாக் கூட்டத்தில் ஒருவனைத் தனியே அழைத்து நிறுத்தினாலன்றி அவன் ஊரும் பேரும் தெரியா. நுண்ணுயிர்க் கூட்டத்தினின்றும் ஒன்றைத் தனியே நிறுத்தும் வழியைத் திருத்தமாக வகுத்து உலகிற்கு அளித்தவர் ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் ஆவர். நம்மவர் அவரைக் காசநோய்க் கிருமி கண்டவர் என்றே பெரிதும் அறிவர். அவர் நம் நாட்டுக்கு வந்து ஒரு குளத்து நீரை ஆராய்ந்த வரலாறு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. ஆதலின் அப்பகுதியை விரித்தும் ஏனையவற்றைச் சுருக்கியும் ஈண்டு எழுதலாயிற்று.

கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஹார்ஸ் மலைத்தொடரிலுள்ள கிளௌஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத்துறை அலுவலர். மக்கட் செல்வம் மிகுந்த குடும்பம். பொருட் செல்வம் அளவானதே. பள்ளி செல்லுமுன்னரே செய்தித்தாளை வைத்துக்கொண்டு தாமே எழுத்தறிந்து படித்த பிள்ளை என்பர். 1862இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மருத்துவம் பயின்று 1866இல் பட்டம் பெற்றார். ஆங்கு அவருக்கு உடற்கூறு கற்பித்த ஹென்லே என்பார், தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் விளைகின்றன என்று கோக் பிறக்குமுன்னரே எழுதியவர். ஆசிரியரின் ஊகம் மாணவர் கையில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் இடையில் பல ஆண்டுகள் கழிந்தன. உலகைச் சுற்றிவரும் கப்பல் மருத்துவராக வேண்டும் என்பது இளமையில் அவருடைய அவா. எம்மி பிராட்ஸ் என்னும் நங்கையை 1867இல் மணந்தபின் அவ்வவா அடங்க, ஊரூராகச் சென்று வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்.

1872இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவரானார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. நோயாளர் வரும் அறையைத் திரையிட்டுப் பகுத்து, திரைக்குப் பின்னே ஓர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார். கல்லூரியோ, நூல் நிலையமோ, உடனாய்வோரோ அருகில் இல்லை. அக்காலத்து அப்பகுதியின் ஆடுமாடுகளை அடைப்பான் நோய் வாரிக்கொண்டு சென்றது. இறந்த விலங்கின் இரத்தத்திற் கோல்போன்ற நுண்ணுயிர்கள் இருத்தலைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். அவைதாம் நோயைச் செய்கின்றனவா என்பதே வினா. கோக் மரச்சிராயைச் சுட்டுத் தூய்மையாக்கி, அதன் முனையில் நோயுற்ற இரத்தத்தைத் தோய்த்து எலிகளின் உடலிற் செலுத்தினார். எலியிலிருந்து எலிக்கென இருபது தலைமுறை மாற்றினார். ஒவ்வொன்றும் அந்நோயினாலேயே மாண்டது. பின்னர் எருதின் கண்ணிலுள்ள தெளிநீரில் அக்கோலுயிரை வளர்த்து, அது காலம் தகாதபோது வித்துப்போல் உருண்டு உறங்குதலையும், தக்கபோது மீண்டும் முளைத்தலையும் கண்டார். புல்வெளி பல்லாண்டு நஞ்சாய்க் கிடப்பதன் காரணம் அதனால் விளங்கிற்று. 1876இல் பிரெஸ்லௌ நகரத்துத் தாவர நூலறிஞர் பெர்டினாண்டு கோன் முன்னிலையில் இவற்றையெல்லாம் மூன்று நாள் செய்துகாட்டினார். பெயரறியாத நாட்டு வைத்தியரின் பெயர் அன்றே பரவிற்று. 1880இல் பெர்லின் நகரத்து அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைக்கப்பெற்றார்.

இனி அவர் செய்தவற்றுள் யான் தலைசிறந்ததாகக் கருதுவதனைக் கூறுவேன். அஃது எந்த நோய்க்கிருமியின் கண்டுபிடிப்பும் அன்று. அடுக்களையைச் சார்ந்த ஒரு வழிமுறை.

அந்நாளில் நுண்ணுயிர்களைச் சாற்றிலும் கஞ்சியிலும் வளர்த்துவந்தனர். நீர்மத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நீந்தும். வேகமாய்ப் பெருகுவது மெதுவாய்ப் பெருகுவதை மூடிவிடும். ஒருவர் கண்டதை மற்றொருவர் காணார். இருவரும் சினந்து எழுதுவர். கோக், வேகவைத்து அறுத்த உருளைக்கிழங்கு காற்றுப்படக் கிடந்தபோது அதன்மேல் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றியதைக் கண்டார். ஒரு புள்ளியைத் தொட்டு உருப்பெருக்கியில் வைத்தால் அதில் ஓரினமே இருந்தது. காற்றிலிருந்து விழுந்த ஒவ்வோர் உயிரும், கெட்டியான தரையில் நகர இயலாமையால், விழுந்த இடத்திலேயே பெருகித் தன் குடியை அமைத்திருந்தது. நீர்மத்தை விடுத்துத் திடப்பொருளிற் பயிரிட்டாற் போதும். பிரித்தெடுத்தல் தானே நிகழும். சொல்லும்போது எத்துணை எளிதாகத் தோன்றுகிறது! ஆயின் உருளைக்கிழங்கு எல்லா நுண்ணுயிர்க்கும் ஏற்ற உணவன்று. ஆதலின் இறைச்சிச் சாற்றில் ஜெலாட்டினைக் கரைத்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி உறையச் செய்தார். 1881ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் மாநகரில் கூடிய மருத்துவர் பேரவையில் இதனைக் காட்டியபோது, பிற்காலத்தில் அவரொடு பகைத்த பாஸ்டரே வியந்து பாராட்டினார்.

ஜெலாட்டினுக்குக் குறைகள் இரண்டு. சில நுண்ணுயிர்கள் அதனைத் தின்று நீராக்கிவிடும். வெயிற்காலத்தில் அது தானே உருகிவிடும். நம் கடலூர் நண்பகலில் அது ஒருபோதும் உறைந்து நில்லாது. இக்குறையை நீக்கியவர் ஒரு பெண்மணி. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் காற்றின் நுண்ணுயிர்களை ஆராய வந்த வால்தர் ஹெஸ்ஸே என்பார், கோடையில் தம் ஜெலாட்டின் உருகுதலைக் கண்டு வருந்தினார். அவர் மனைவி பன்னி ஹெஸ்ஸே சமைத்த பழக்கூழ் மட்டும் உருகாதிருந்தது. சாவகத் தீவில் வாழ்ந்து வந்த ஓர் அண்டைவீட்டாரிடம் அவர் கற்றிருந்த கூழ் அது. அகர் எனப்படும் கடற்பாசிப் பொருளால் ஆயது. கொதிநீரில் உருகும்; உடல்வெப்பத்திற்குச் சற்று மேலேயே உறையும்; உறைந்தபின் மீண்டும் உருகுவதற்கு ஏறக்குறையக் கொதிநிலை வேண்டும். நுண்ணுயிர்களுள் மிகச் சிலவே அதனைக் கரைக்கவல்லன. கோக் 1882இல் தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அப்பெண்மணியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அக்குறை பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1887இல் கோக்கின் உதவியாளர் பெட்ரி மூடியோடு கூடிய வட்டத் தட்டை அமைத்தார். பாசிக்கூழும் பெட்ரி தட்டும் சேர்ந்த அவ்விணையை விட்டு இன்றுவரை எந்த நுண்ணுயிர் ஆய்வுக்கூடமும் விலகவில்லை. அந்தப் பாசி நமக்குப் புதியதும் அன்று. இராமேசுவரம், மண்டபம் கரையோரங்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தருவனவே. கடலில் விளைந்ததைக்கொண்டே கடலின் நுண்ணுயிரை நாம் வளர்த்துப் பார்க்கின்றோம்.

இவ்வழியால் மற்றொரு பயனும் விளைந்தது. அளந்த நீரை உருகிய கூழிற் கலந்து தட்டில் ஊற்றினால், ஒவ்வோர் உயிரும் தனித்தனியே ஒரு புள்ளியாகும். புள்ளிகளை எண்ணினால் நீரிலிருந்த உயிர்களின் தொகை கிடைக்கும். நிறத்தையும் மணத்தையும் கொண்டு நீரை நல்லது தீயது என்று கூறிவந்த காலத்தில், நீருக்கு எண் கொடுத்தவர் கோக். தொகை மிகுதியாயின் நீரைப் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று எனப் படிப்படியாக நுண்ணுயிரற்ற நீராற் பெருக்கி ஊற்றுதல் வேண்டும். கடல்நீராயின் பெருக்கும் நீரும் கூழும் உப்புடையனவாதல் வேண்டும். நன்னீரில் இட்டால் கடலுயிர்கள் பல முளையா.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் காசநோயின் கிருமியைத் தாம் கண்டதைப் பெர்லின் உடலியற் கழகத்தில் எடுத்துரைத்தார். இவ்வரலாறு பாடநூல்களில் இருத்தலின் ஈண்டு விரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு எகிப்து நாட்டில் வாந்திபேதி மூண்டது. ஐரோப்பிய அரசுகள் நடுங்கின. ஜெர்மனியினின்றும் கோக்கின் தலைமையிலும், பிரான்சினின்றும் பாஸ்டரின் மாணவர் வழியாகவும் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அலெக்சாண்டிரியா நகரை அடைந்தன. போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆன இரு பகைநாட்டார். செப்டம்பரில் பிரெஞ்சுக் குழுவின் துய்யே என்னும் இருபத்தேழு வயதினர், ஆராய வந்த நோய்க்கே இரையாகி மாண்டார். கோக் மாலை கொண்டுசென்று, பிரேதப் பெட்டியைத் தாமும் சுமந்தார். எகிப்தில் நோய் தணியவே, அதன் பிறப்பிடம் எனக் கருதப்பட்ட வங்காளத்திற்குச் செல்ல இசைவு கேட்டுப் பெற்றார். 1883ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், தமது நாற்பதாவது பிறந்தநாளில், கல்கத்தாவை அடைந்தார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அவர்க்கு இடம் கொடுக்கப்பட்டது. இறந்தோர் குடலிலும் நோயுற்றோர் கழிவிலும் எகிப்தில் கண்ட அதே வளைந்த நுண்ணுயிர் மீண்டும் மீண்டும் தோன்றிற்று. 1884 ஜனவரியில் அதனைக் கூழில் தனியே வளர்த்தெடுத்தார். பிப்ரவரி 2ஆம் நாள் எழுதிய அறிக்கையில் அதன் உருவம் காற்புள்ளியை ஒத்தது என விளக்கினார். தட்டில் அதன் புள்ளிகள் ஏனையவற்றினின்றும் வேறாக, கண்ணாடித்தூள் தூவினாற்போல் மினுக்கி, மெல்லக் குழிந்து இறங்கின. பார்த்த மாத்திரத்தே அடையாளம் காணலாம். ஈரத்துணியில் அது கொழுத்துப் பெருகிற்று. உலர்த்தினால் சில மணி நேரத்தில் மாண்டது. புளிப்பில் வாழாது, உவர்ப்பான காரநீரிற் செழித்தது. இப்பண்பே இன்றளவும் ஆய்வாளர்க்குத் துணை. பல உயிர் கலந்த நீரை முதலில் காரமேற்றிய பெப்டோன் நீரில் இட்டுச் சில மணி நேரம் வைத்தால், அந்த வளைந்த உயிர் மற்றவற்றை முந்திக்கொண்டு மேலே வந்து சேரும். அதன்பின்னரே தட்டில் இடுவர்.

குடலிற் கண்டது போதாது என்பது கோக்கின் கருத்து. நோய் எங்கிருந்து குடலுக்கு வந்தது? கல்கத்தாவின் ஒரு புறஞ்சேரியில் ஒரு குளம் இருந்தது. அதனைச் சுற்றிக் குடிசைகள். அக்குளத்திலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அதனையே குடத்தில் முகந்து குடித்தனர். அக்குடிசைகளில் வாந்திபேதி பரவிப் பலர் மாண்டனர். மாண்டார் துணிகளும் அக்குளத்திலேயே அலசப்பட்டன. கோக் அந்நீரைத் தட்டில் ஊற்றினார். காற்புள்ளி உயிர் தோன்றிற்று. நோய் மிக்கிருந்தபோது நீரில் மிகுதியாகவும், நோய் தணிந்தபின் அருகியும் காணப்பட்டது. உடலுக்கு வெளியே, மக்கள் அன்றாடம் புழங்கும் நீரில், நோய்க்கிருமியை உயிரோடு பிடித்து வளர்த்துக் காட்டிய செயல் அது. குளத்தைச் சுற்றியே ஊர்கள் அமைந்த நம் சோழநாட்டு வழக்கத்தை எண்ணிப் பார்ப்பார்க்கு, அச்செய்தி வங்காளத்தோடு நின்றதன்று என்பது புலனாகும். மார்ச்சில் வெயில் ஏறவே பணியை முடித்துக்கொண்டு கோக் நாடு திரும்பினார். பேரரசர் அவர்க்கு வரவேற்பளித்தார்; ஆய்வுக்குழுவிற்கு ஒரு இலட்சம் மார்க்குப் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசினர்க்கு இக்கண்டுபிடிப்பு உவப்பாக இல்லை. வாந்திபேதி கிருமியால் இந்தியாவினின்றும் கப்பலேறிச் செல்கின்றது என்பது நிலைநாட்டப்பட்டால், சூயசுக் கால்வாயில் கப்பல்கள் தடுத்து நிறுத்தப்படும், வாணிகம் கெடும். 1884ஆம் ஆண்டிலேயே கிளைன், கிப்பஸ் என்னும் இருவரை இந்தியாவிற்கு அனுப்பினர். அக்குளத்து நீரிற் காற்புள்ளி உயிர் உண்டு எனினும் அதைக் குடித்தோர் பலர் நோயின்றி இருக்கின்றனர், ஆதலின் அது காரணமன்று என அவர்கள் முடிவு கூறினர். அறிவியல் வினாவிற்கு அங்காடிக் கணக்கு விடை எழுதிற்று. எனினும் அவர்கள் கூற்றில் ஓர் உண்மையும் இருந்தது. ஒரு நுண்ணுயிரே ஒரு நோய்க்குக் காரணம் என்று துணிய வேண்டுமாயின், தனித்து வளர்த்த அதனை விலங்கிற் செலுத்தி அந்நோயையே உண்டாக்க வேண்டும் என்பது கோக் வகுத்த நெறி. கல்கத்தாவில் அவர் கொணர்ந்த எந்த விலங்கும் வாந்திபேதி கொள்ளவில்லை. தம் நெறியின் கடைசிப் படியைத் தாமே ஏற இயலாமல் நின்றார். அப்படியை ஏறியவர் அதே கல்கத்தாவைச் சேர்ந்த வங்காள அறிஞர் சம்பு நாத் தே. அவர் முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி அதனுள் இக்கிருமியைச் செலுத்திக் குடல் நீர்கோத்து வீங்குதலைக் காட்டினார். 1959இல் கிருமியை வடிகட்டி நீக்கிய நீரே அவ்வாறு செய்தலைக் காட்டி, அது சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என நாட்டினார். 1985இல் அவர் மறைந்தபோது நம் நாட்டார் பலர்க்கு அவர் பெயரும் தெரியாது. இக்கிருமியை முதலிற் கண்டவர் கோக்கும் அல்லர்; பிளாரன்சு நகரத்துப் பச்சீனி 1854இலேயே உருப்பெருக்கியிற் கண்டு எழுதியிருந்தார்; எவரும் செவிமடுக்கவில்லை. கண்டவர் பச்சீனி, தனியே வளர்த்து நீரொடு தொடர்புபடுத்தியவர் கோக், செயலை விளக்கியவர் தே.

கோக்கின் கல்கத்தா ஆராய்ச்சியில் மறக்கப்பட்ட பகுதி ஒன்றுண்டு. கங்கை கடலொடு கலக்கும் சுந்தரவனத்தின் உவர்ச்சதுப்பும், அங்கு அழுகும் தழையும், வெப்பமுமே இந்நுண்ணுயிரின் தாயகமாகலாம் என அவர் கருதினார். பின்வந்தோர் அதனை விடுத்து, இது மனிதக் குடலிலன்றி வாழாதது, கழிவினாலேயே நீரை அடைவது என்றே நெடுங்காலம் கற்பித்தனர். 1977இல் ரீடா கோல்வெல் என்னும் அமெரிக்கப் பெண்ணறிஞரும் அவர் குழுவினரும், வாந்திபேதி இல்லாத செசப்பீக் விரிகுடாவின் கழிமுக நீரில் இதனைக் கண்டனர். பின்னர் இது கோப்பிபாடு எனப்படும் சிறு ஓட்டுயிர்களின் மேல் ஒட்டி வாழ்தலும், காலம் தகாதபோது சுருங்கி, உயிரோடிருந்தும் கோக்கின் தட்டில் முளையாமற் கிடத்தலும் தெரியவந்தன. கழிமுகமே அதன் இல்லம். மனிதக் குடல் அது வந்து தங்கும் சத்திரம். அந்த ஓட்டுயிர்கள் கண்ணுக்கு அரிதாகத் தெரியுமளவு பெரியன. ஆதலின் வங்காள தேசத்துச் சிற்றூர்களில் பழஞ்சேலையை நான்கு மடிப்பிற்கும் மேலாக மடித்து நீரை வடித்துக் குடித்தபோது நோய் ஏறக்குறையப் பாதி குறைந்ததாக 2003இல் வெளியிட்டனர். நம் பாட்டிமார் குடத்து வாயில் துணி கட்டியதைப் பழமை என்று நகைத்தவர்கள் இதனை அறிதல் நன்று.

இவ்விடத்து நம் நாட்டுச் செய்தி ஒன்று. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை, தில்லை என்னும் மரத்தால் வந்தது. அம்மரம் உவர்க்கழியில் வளர்வது. இன்றும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் சுரபுன்னையோடு காணலாம். சுந்தரவனத்திலும் அதுவே வளர்கின்றது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அக்காடு, கோக் எண்ணிய நிலத்தின் சிறு மறுபடி எனலாம். வளைந்த நுண்ணுயிரின் உறவினங்கள் பல இத்தகைய கழிகளில் இயல்பாக வாழ்வன. சில இறாலுக்குப் பகை, சில இருளில் ஒளிர்வன, பல எவர்க்கும் தீங்கற்றன. அவற்றைப் பிரிக்கத் தனிக்கூழ் உண்டு. அதில் வாந்திபேதி உயிர் மஞ்சளாகவும், மீன் இறால் வழியாகப் பேதி தரும் அதன் உறவினம் பச்சையாகவும் முளைக்கும். 1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் வாந்திபேதி தோன்றியபோது, அதுவரை அறிந்த 138 வகைகளுள் எதனொடும் பொருந்தாத புதுவகை ஒன்று தட்டில் முளைத்தது. அடுத்த ஆண்டில் அது வங்கக் கடலோரமாக வங்காளம்வரை பரவிற்று. புதியது என்று அறிந்துகொண்டதே, ஒன்றைத் தனியே வளர்த்துப் பார்க்கும் கோக்கின் பழைய வழியால்தான்.

ஆயினும் அவ்வழியின் எல்லையையும் கூறுதல் முறை. ஒளிரும் சாயமூட்டி நுண்ணிய வடிதாளில் நிறுத்தி எண்ணினால் கடல்நீரில் இலட்சக்கணக்கான உயிர்கள் தெரிகின்றன. அதே நீரைக் கூழிலிட்டால் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றுகூட முளைப்பதில்லை. ஏனையவற்றின் உணவும் உறவும் நமக்குத் தெரியா. இக்காலத்தார் அவற்றின் மரபணுவை நீரினின்றே நேரே எடுத்துப் படிக்கின்றனர். தட்டில் முளைத்ததே உள்ளதெல்லாம் என்று எண்ணுவது, வாசலுக்கு வந்தவரை மட்டும் எண்ணி ஊர்த்தொகை எழுதுவது போலாகும்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1885இல் பெர்லின் பல்கலைக்கழகத்துச் சுகாதாரப் பேராசிரியரானார். 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி புகுந்து ஏறக்குறைய 8,600 பேரைக் கொன்றது. அந்நகரம் எல்பு ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. அடுத்துள்ள அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின்னர் அதே ஆற்றில் நீர் எடுத்தது. ஆனால் மணற்படுகையில் வடித்துக் கொடுத்தது. இரு நகர்க்கும் எல்லையான தெருவில் ஒருபுறம் பிணம் விழுந்தது, மறுபுறம் நோயில்லை. இதனினும் தெளிவான சோதனையை எந்த ஆய்வுக்கூடத்தும் செய்ய இயலாது, செய்யவும் ஒண்ணாது. கோக் அங்குச் சென்று ஆராய்ந்து, மணலின் மேற்பரப்பிற் படியும் வழுவழுப்பான படலமே நீரைத் தூய்மையாக்குகிறது என்றும், நீரை மெதுவாகவே வடித்தல் வேண்டும் என்றும், நாள்தோறும் ஒவ்வொரு படுகையின் நீரையும் தட்டிலிட்டு எண்ணுதல் வேண்டும் என்றும், ஒரு கன சென்டிமீட்டரில் நூறு புள்ளிக்கு மேற்பட்டால் அந்நீரை ஊருக்கு விடலாகாது என்றும் விதித்தார். அப்படலமோ நுண்ணுயிர்களால் ஆயது! அந்நூறு என்னும் எண் பல நாட்டு நீர்நிலையங்களில் நெடுங்காலம் சட்டமாயிற்று.

மண்ணின் தன்மையின்றிக் கிருமி மட்டும் நோய் செய்யாது என்று வாதிட்ட முதியவர் பெட்டன்கோபர், அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் வாந்திபேதிக் கிருமி வளர்த்த நீரை ஒரு கன சென்டிமீட்டர் அளந்து குடித்தார். சிறு வயிற்றுப்போக்கோடு பிழைத்தார். தாம் வென்றதாகக் கருதினார். அவர் பிழைத்தது ஹாம்பர்க்கில் மாண்டோரை எழுப்பவில்லை. ஆயினும் தம் கொள்கைக்குத் தம் உடலையே பிணையாக வைத்த அவரை இகழ எனக்கு மனம் வரவில்லை.

கோக்கின் வாழ்வில் மாசில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். 1890இல் டியூபர்குலின் என்னும் மருந்து காசநோயைத் தீர்க்கும் என அறிவித்தார். உலகெங்கணுமிருந்து நோயாளர் பெர்லினுக்கு ஓடிவந்தனர். மருந்தின் செய்முறையை அவர் மறைத்தே வைத்திருந்தார். நோய் தீரவில்லை, சிலர் மருந்தினாலேயே மாண்டனர். நோயுண்டா இல்லையா என்று சோதித்தறியும் பொருளாகப் பிற்காலத்தில் அது பயன்பட்டது வேறு செய்தி. மாட்டின் காசநோய் மக்களைப் பெரிதும் தாக்காது என 1901இல் அவர் கூறியதும் பிழையாயிற்று. 1906, 1907ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரித் தீவுகளில் உறக்க நோயாளர்க்கு ஆர்செனிக் கலந்த அடாக்சில் மருந்தை மேன்மேலும் மிகுதியாகச் செலுத்தினார். சிலர் கண்ணொளி இழந்தனர். எலிக்கும் தட்டுக்கும் காட்டிய பொறுமையை அத்தீவு மக்கட்கு அவர் காட்டவில்லை. பெர்லினில் வாழ்ந்த செல்வர்மேல் அவ்வளவு துணிந்திருப்பாரா என்னும் வினா எழாமற் போகாது.

இடையே முதல் மனைவியைப் பிரிந்து 1893இல் ஹெட்விக் பிரைபர்க் என்பாரை மணந்தார். 1896இல் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்று மாடுகளின் வெக்கை நோயையும், 1897இல் பம்பாய்க்கு வந்து கொள்ளை நோயையும் ஆராய்ந்தார். இளமையிற் கைவிட்ட கடற்பயண ஆசை முதுமையில் நிறைவேறியது எனலாம். காசநோய் ஆராய்ச்சிக்காக 1905இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1908இல் ஜப்பான் சென்றபோது, பெர்லினில் அவரிடம் பயின்ற கிதசாதோ, ஆசிரியர்க்கு அரசர்க்குரிய சிறப்புச் செய்தார்.

1910ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், நெஞ்சுநோயால் நலிந்து ஓய்வுக்குச் சென்றிருந்த பாடன்-பாடன் என்னும் ஊரில், தமது அறுபத்தாறாம் வயதில் கோக் உயிர்நீத்தார். அவர் உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் அவர் தலைமை தாங்கிய பெர்லின் ஆய்வு நிலையத்திலேயே ஓர் அறையில் வைக்கப்பட்டது. அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கித் தொற்றுநோய்களை ஆராய்ந்து வருகிறது. ஜப்பானில் கிதசாதோ தம் ஆசிரியரின் நினைவாக ஒரு சிறு கோயில் எடுத்தார். பிற்காலத்தில் கிதசாதோ மறைந்தபின் இருவர்க்கும் ஒரே கோயிலில் வழிபாடு நிகழ்வதாயிற்று.